ஒண்ணாம் கை

"விடாதே! அமுக்கு! இன்னும் அமுக்கு!"

ரேடியோவின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை அடக்கிக்கொண்டு, வலது கைக்குள் இருந்த இரும்புப் பிடியை நசுக்கிக்கொண்டிருந்தான். மேஜை விளிம்பில் முறுக்கிப் பொருத்தியிருந்த அந்தக் கருவியின் சின்னத் திரையில் எண்கள் ஏறின. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.

"போதும், விடு."

அவன் கையை உதறினான். திரையைப் பார்த்தான். வாயெல்லாம் பல்.

"அறுபத்தொண்ணு கிலோ! அக்கா, சுவத்துல இருக்கற சார்ட்டைப் பாருங்க. என் வயசுல ஆரோக்கியமான ஆம்பளைக்கு நாற்பத்தஞ்சு இருந்தா போதுமாம். இனிமே என்கிட்ட கொஞ்சம் அடக்க ஒடுக்கமா பேசுங்க."

"காலையில தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியாம என்கிட்ட நீட்டினியே, அதே கைதானே இது?"

"அது... மூடி டைட்டு."

இன்சூரன்ஸ் அக்கா சிரிக்கவில்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது.

நாலு மணிக்கு, இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு பெண்ணின் தலையைத் திறக்கப் போகிறார்கள்.

பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவள் அக்கா. 'கை போச்சு, பணம் கொடு' என்று வருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே கை போயிற்று, யார் நடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த வேலையை விட்ட பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. ரேடியோ அப்போது கம்பெனி காரை ஓட்டியவன். தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவான் என்பது பெயர்க்காரணம்.

அந்தப் பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல், அக்காவின் வீட்டுப் படியேறி வந்திருந்தார். அவருடைய மகள் இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் கைப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வு செய்கிறவள். நோய் நொடி இல்லாத சாதாரண ஜனங்கள் வருவார்கள், பிடியை அமுக்குவார்கள், பலகையில் இருக்கும் துளைகளில் சின்னச் சின்ன ஆணிகளைச் செருகுவார்கள். எந்த வயதில் ஒரு நல்ல கைக்கு எவ்வளவு பலம், எவ்வளவு நிதானம் என்று கணக்கெடுப்பு. முந்தாநாள் சாயந்திரம் அவள் மாடிப்படி அடியில் தலை உடைந்து கிடந்தாள்.

வழுக்கி விழுந்தாள் என்றார்கள்.

இன்று விடிகாலை ஒரே ஒரு தடவை கண் திறந்தாளாம். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்.

"ஒண்ணாம் கைகிட்ட மட்டும் என்னை விட்டுடாதீங்கப்பா."

"மண்டையில அடிபட்டா அப்படித்தான் உளறுவாங்கன்னு நர்ஸ் சொல்றாங்கம்மா" என்றார் டிரைவர். "என் பொண்ணு காய்ச்சல்ல கூட உளறினது கிடையாது. அவ ஏதோ ஒரு ஆளைத்தான் சொல்றா. நாலு மணிக்குள்ள அது யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க."

ரேடியோவின் அறுபத்தொன்று திரையில் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அக்கா அதன்மேல் விரலை வைத்தாள்.

"டெக்னீஷியன் சார், இது சரியாத்தான் காட்டுதா?"

கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்த டெக்னீஷியன், கருவிகளை வைத்துப் பராமரிக்கிறவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தன் குழந்தையைக் குறை சொன்ன மாதிரி நிமிர்ந்தார்.

"தினமும் காலையில சரிபார்க்கிறோம் மேடம்."

"பின்னே இந்த கிராஃப் என்ன சொல்லுது?"

மேஜைக்கு மேல் ஒட்டியிருந்த தாளை அவள் காட்டினாள். மாதாமாதம் பரிசோதனைக்கு வந்தவர்களின் சராசரி. கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது.

"போன வருஷம் வந்தவங்களை விட இந்த வருஷம் வந்தவங்க எல்லாரும் பலசாலி. ஆம்பளை, பொம்பளை, கிழவர், குமரர், அத்தனை பேரும். ஊருல யாராவது குடிதண்ணியில மருந்து கலந்தாங்களா?"

"எனக்கும் அது கொஞ்சம் ஆச்சரியமாத்தான்..."

"ரேடியோ, அந்தத் தண்ணி கேனைத் தூக்கிட்டு வா. புதுசு, சீல் பிரிக்காதது."

"அறுபத்தொண்ணு கிலோ கைக்கு கேன் எல்லாம் பூ மாதிரி" என்றபடி போனவன், இரண்டு கையாலும் கேனைக் கட்டிப்பிடித்து, முனகிக்கொண்டே கொண்டுவந்தான். அக்கா அதன் கழுத்தில் கயிறு போட்டாள். டெக்னீஷியன் பதறப் பதற, கருவியின் பிடியில் கயிற்றை மாட்டித் தொங்கவிட்டாள்.

"இருபது லிட்டர். டப்பாவோட சேர்த்து இருபத்தொண்ணுன்னு வச்சுக்குவோம். தண்ணி நடிக்காது."

திரை தயங்கியது. நின்றது.

இருபத்தேழு.

டெக்னீஷியன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"அப்ப நான்?" என்றான் ரேடியோ மெதுவாக.

"நாற்பத்தேழு."

"ஒரு அஞ்சு நிமிஷம் பயில்வானா இருந்தேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

அக்கா டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "எதை வச்சு சார் சரிபார்க்கிறீங்க? எடைக்கல் இல்லையா?"

"இருந்துது மேடம். வேற டிபார்ட்மென்ட்காரங்க ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டா, 'கொடுத்துட்டோமே'ங்கறாங்க." அவர் உதட்டை நக்கிக்கொண்டார். "அதனால கைகளை வச்சு பார்த்துக்கிட்டோம். இங்க வேலை பார்க்கிறவங்க மூணு பேர் தினமும் காலையில முதல் ஆளா பரிசோதனை பண்ணிக்குவோம். ஒண்ணாம் கை, ரெண்டாம் கை, மூணாம் கை."

ரேடியோ விறைத்தான். அக்கா இமைக்கவில்லை.

"பேர் ஏன் இல்லை?"

"இங்க பேரே கிடையாது மேடம். வர்றவங்க, இருக்கறவங்க, எல்லாருக்கும் நம்பர்தான். பேர் வெளியே சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். அந்தப் பொண்ணு இதுல ரொம்ப கறார். கேன்டீன்ல கூட 'நூத்திப் பன்னெண்டு உங்களைத் தேடினார்'னுதான் சொல்லும்."

தலை உடைந்து கிடக்கும்போதும், சொந்த அப்பாவிடமும், அவள் பெயரைச் சொல்லவில்லை. நம்பரைத்தான் சொன்னாள். அந்த நாக்கு அப்படிப் பழகியிருந்தது.

"ரெண்டாம் கை அவ. மூணாம் கை நான்" என்று டெக்னீஷியன் தொடர்ந்தார். "ஒண்ணாம் கை காலையில ஏழு மணிக்கே வந்து பண்ணிட்டுப் போயிடுவாங்க. நான் வர்றது ஒன்பதுக்கு. பார்த்ததில்லை. ஆனா அது மாதிரி ஒரு கை கிடையாது மேடம். முதல் ஏழு மாசம் ஒரே நம்பர். முப்பத்தெட்டு. கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது. அதனாலதான் ஒண்ணாம் கையையே அளவா வச்சோம். மெஷின் முப்பத்தெட்டு காட்டலைன்னா மெஷின்ல கோளாறு. சரிபண்ணிடுவேன்."

"ஏத்தித்தானே சரிபண்ணினீங்க? எப்பவும் ஏத்தி?"

"ஆமா. கொஞ்சம் கொஞ்சமா. அரை கிலோ, ஒரு கிலோ..."

"உங்க கையும் அந்தப் பொண்ணு கையும் கூடவே ஏறியிருக்குமே. சந்தேகம் வரலையா?"

"பழக்கத்துல பலம் வந்துடுச்சுன்னு நினைச்சோம்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது.

"மூணு பேர்ல ரெண்டு பேர் மாறிட்டாங்கன்னு நம்பினீங்க. மாறினது ஒருத்தர். அந்த ஒருத்தர் கை விழ விழ, மெஷினைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆணிப் பலகை?"

"இருபத்தஞ்சு ஆணியைத் துளையில செருகணும். ஒண்ணாம் கைக்கு ஆரம்பத்துல ஐம்பத்தஞ்சு செகண்ட். இப்ப எழுபத்தஞ்சு. துளை தேஞ்சிருக்கும்னு..."

"பலகையை மாத்தினீங்க."

"மூணு தடவை."

"இன்னொரு சோதனை இருக்குமே. பலமா அமுக்கக் கூடாது, ஒரே அளவா பிடிச்சுக்கிட்டு, திரையில கோட்டை ஆடாம வச்சுக்கணும்?"

"இருக்கு. அந்தப் பொண்ணு இதையெல்லாம் கையாலயும் ஒரு ரிஜிஸ்டர்ல எழுதிக்கிட்டு வந்தா, அதைத்தான் ரெண்டு நாளா காணோம்" என்றபடி டெக்னீஷியன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். ஒண்ணாம் கையின் இரண்டு வருஷக் கோடுகள். முதல் வருஷம், இழுத்துக் கட்டிய நூல். பிறகு நூலில் சின்னச் சின்ன முடிச்சு. பிறகு அலை. போன வாரத்துக் கோடு, அரத்தின் பல் மாதிரி நடுங்கிக்கொண்டே போய், இரண்டு இடத்தில் சடாரென்று விழுந்து எழுந்திருந்தது.

"ஒயர் லூஸுன்னு நினைச்சு" என்றார் அவர், கிட்டத்தட்ட அழுகிற குரலில், "ஒயரை மாத்தினேன்."

"ஒரு மெஷின், மூணு பலகை, ஒரு ஒயர்" என்றான் ரேடியோ. "எல்லாத்தையும் மாத்திப் பார்த்தீங்க. கையை மட்டும் கேக்கலை."

"ஒண்ணாம் கை யாருன்னு நினைக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"பெரிய டாக்டர்தான். வேற யாரு? இந்த ஆய்வுக்கே அவர்தான் தலைவர். நம்பருக்கும் பேருக்குமான லிஸ்ட் அவர் அலமாரியில இருக்கு. 'முப்பத்தெட்டு வர்ற வரைக்கும் மெஷினைத் திருத்து'ன்னு எனக்கு உத்தரவு போட்டதும் அவரே."

அக்கா சார்ட்டை ஓட்டமாகப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய ஆணுக்கு முப்பத்தெட்டு. கச்சிதமாகப் பொருந்தியது.

"நாலு மணிக்கு ஆபரேஷன் பண்ணப் போறது யாரு?"

"அவரேதான் மேடம்" என்றார் டெக்னீஷியன்.

*

"அண்ணே, காரணம் கேக்காதீங்க" என்று அக்கா போனில் சொன்னாள். "பெரிய டாக்டர் வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. இப்பவே. அவர் உங்க பொண்ணைத் தொடக்கூடாது."

"சரிம்மா." டிரைவரின் குரலில் தயக்கமே இல்லை. "எழுதிடறேன்."

லிஃப்ட் முன்னால் கூட்டம். படியில் ஏறினார்கள். கருவியைக் கழற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான் ரேடியோ. முதல் மாடித் திருப்பத்தில் அவன் கால் நின்றது. வருஷக்கணக்கில் அழுக்கேறிக் கறுத்த படிகளில், ஒரே ஒரு படி மட்டும் வெள்ளையாக இருந்தது. யாரோ அதை மட்டும் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

"இங்கதானாக்கா?"

"ஏறு."

"கை நடுங்கற விஷயத்தை அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சா. அவர் தள்ளிவிட்டார். இப்ப அதே கையால அவ மூளையைத் திறந்து..." அவன் எச்சில் விழுங்கினான். "ஆபரேஷன்ல செத்தா கேள்வியே கிடையாது இல்ல?"

"நாற்பத்தேழு கிலோவுக்கு மூளை நல்லாவே வேலை செய்யுது. வாயை மூடிட்டு ஏறு."

பெரிய டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஆபரேஷன் உடை போட்டிருந்தார், ஆனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிப் பலகைமேல் விரித்து வைத்திருந்தார். யாரோ அங்கேயே வைக்கச் சொன்ன மாதிரி.

"நீங்கதான் அவங்க அப்பாவுக்கு யோசனை சொன்னவங்களா?" என்றார், கோபம் இல்லாமல். "குடும்பத்துக்கு நம்பிக்கை இல்லைன்னா டாக்டர் ஒதுங்கிக்கணும். ஒதுங்கிட்டேன். வேற என்ன?"

"அந்தப் பொண்ணு எப்படி விழுந்தா சார்?"

"வழுக்கி."

"கையில என்ன வச்சிருந்தா?"

கண்ணாடிமேல் இருந்த விரல்கள் லேசாகச் சுருங்கின.

"ரிஜிஸ்டர்" என்று அக்காவே சொன்னாள். "ஒண்ணாம் கையோட ரெண்டு வருஷக் கணக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கறதை எதுக்கு கையாலயும் எழுதினா? மெஷின் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சதால. அது இப்ப அவ பையிலயும் இல்லை, கூடத்துலயும் இல்லை."

"நான் தள்ளலை." குரல் வறண்டிருந்தது. "மேலிடத்துல புகார் கொடுக்கப் போறேன்னா. ரெண்டு நாள் பொறுன்னு கெஞ்சினேன். கேக்கலை. ரிஜிஸ்டரைத்தான் பிடிச்சு இழுத்தேன். அவ விடலை. அப்புறம் திடீர்னு விட்டுட்டா."

ரேடியோவின் கை தானாகக் கருவியை இறுக்கிக்கொண்டது.

"விழுந்தவளைத் தூக்கிட்டு வந்து, தலையில கட்டுப் போட்டதும் நான்தான். அவளைப் பிழைக்க வைக்கணும்னுதான் நானே கத்தி எடுக்கறேன்னு சொன்னேன். நீங்க நம்ப மாட்டீங்க."

"உங்க மனசை நம்பலாம் சார். கையை எப்படி நம்பறது?" அக்கா கண் காட்டினாள். ரேடியோ கருவியை மேஜை விளிம்பில் பொருத்தினான். "இது திருத்தி வச்ச மெஷின். ஒண்ணாம் கை பிடிச்சா, இன்னிக்கு முப்பத்தெட்டு காட்டும். அதுக்காகவே திருத்தினது. பிடிங்க."

பெரிய டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பரிதாபம் இருந்தது. அதை அக்கா எதிர்பார்க்கவில்லை.

அவர் பிடியை எடுத்து அமுக்கினார்.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நாற்பத்து நாலு. எண் நிற்கவில்லை.

ஐம்பது.

"கோட்டை ஆடாம வைங்க" என்றாள் அக்கா.

வைத்தார். கால்வாசி பலத்தில் பத்து விநாடி. சின்னத் திரையில் எண் அசையவே இல்லை, அச்சடித்து வைத்த மாதிரி.

"அக்கா" என்று ரேடியோ கிசுகிசுத்தான். "ஏதாவது ஏமாத்தறாரோ?"

"பதினாறு வருஷம் பார்த்திருக்கேன். குறைச்சுப் பிடிச்சு ஏமாத்தலாம். கூட்டிப் பிடிச்சு எவனும் ஏமாத்த முடியாது." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணாம் கை இவர் இல்லை."

"அப்ப நாம விரட்டினது..."

"நல்ல கையை."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. டிரைவர். பதற்றத்தில் ஸ்பீக்கர் பொத்தான் அமுங்கிவிட, அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, எழுதிக் கொடுத்துட்டேன். கவலையே வேண்டாம். பெரிய டாக்டருக்கு அடுத்தபடியா இருக்கற சின்ன டாக்டரம்மா தங்கமானவங்க. 'நாலு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், தியேட்டர் காலியாத்தானே இருக்கு, நானே பண்றேன்'னு சொல்லி உள்ளே கொண்டுபோயிட்டாங்க. சிவப்பு லைட் எரியுது."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பெரிய டாக்டர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"யாரு? யாரு பண்றா?"

"சின்ன டாக்டர்" என்றான் ரேடியோ. "இப்பதான் சொன்னாரே..."

"நாளைக்குத் தள்ளிவச்சிருப்பாங்கன்னுதானே நான் இங்க உட்கார்ந்திருக்கேன்!"

மேஜையைச் சுற்றிக்கூட வரவில்லை. அறுபது வயது மனிதர் மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டு, கருவியைத் தட்டிவிட்டு, வெளியே ஓடினார்.

*

தாழ்வாரம் நீளமாக இருந்தது. கடைசியில் இரட்டைக் கதவு, அதன்மேல் சிவப்பு விளக்கு. எதிரே பெஞ்சில் டிரைவர். மூன்று பேர் தலைதெறிக்க ஓடி வருவதைப் பார்த்து, காக்கித் தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்தார்.

"என்னம்மா? என்னாச்சு?"

அவர் கண் பெரிய டாக்டரின் மேல் விழுந்தது. அடுத்த நொடி கதவை மறித்து நின்றார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள் இரண்டும் டாக்டரின் தோளைப் பிடித்தன.

"நீங்க உள்ளே போகக்கூடாது. என் பொண்ணு சொல்லியிருக்கா."

"உள்ளே போகலை. பேச விடுங்க." டாக்டர் மூச்சிரைக்கச் சுவரைக் காட்டினார். அங்கே தியேட்டருக்குள் பேசும் இன்டர்காம் இருந்தது. "தயவுபண்ணி பேச விடுங்க. உங்க பொண்ணுக்காகத்தான்."

டிரைவர் அக்காவைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டவள் அவள். இரண்டாவது தடவை சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

"விடுங்கண்ணே. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

கைகள் தளர்ந்தன. பெரிய டாக்டர் பொத்தானை அமுக்கினார். விரல் அதன்மேல் ஒரு கணம் நின்றது. எதையோ தாண்டக் கால் தூக்கியவர் மாதிரி இருந்தது.

"நிறுத்துங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

சரசரப்பு. பிறகு முகமூடிக்குள் இருந்து ஒரு பெண் குரல், இளமையானது, தெளிவானது.

"சார்? இன்னும் தோலைக் கீறலை. கத்தியைக் கையில எடுத்துட்டேன். என்ன விஷயம்?"

"எடுத்ததைக் கீழே வை."

"ஏன் சார்? பேஷன்டுக்கு மயக்கம் கொடுத்தாச்சு."

"பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடறேன். அரை மணியில வந்துடுவார். அதுவரைக்கும் அவ தாங்குவா. நீ கீழே வை."

"அவர் வர்றதுக்குள்ள நான் முடிச்சுடுவேன்." குரலில் லேசான எரிச்சல், அதற்கு அடியில் புண்பட்ட ஒரு நடுக்கம். "ஒரு வருஷமா கஷ்டமான கேஸ் ஒண்ணு கூட எனக்குத் தரலை. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கறீங்க. இன்னிக்கு தானா வந்ததையும் பிடுங்கறீங்க. என் கையில என்ன குறை? இன்னிக்குக் காலையிலகூட பார்த்தேன். என்னிக்கும் போல அதே நம்பர்தான்."

'அதே நம்பர்' என்பதைக் கேட்டதும் அக்கா ரேடியோவின் பக்கம் திரும்பினாள்.

பெரிய டாக்டர் நெற்றியைச் சுவரில் சாய்த்தார். கண்ணை மூடினார். டிரைவருக்கு, அக்காவுக்கு, உள்ளே நிற்கும் நர்ஸுகளுக்கு, எல்லோருக்கும் கேட்கிற குரலில், இரண்டு வருஷமாக அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைச் சொன்னார்.

"டாக்டர் பேசலை, அப்பா பேசறேன். அந்த நம்பர் பொய்யிம்மா. நீ மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் மெஷினைத் திருத்தச் சொன்னேன். ஒண்ணாம் கை உன்னோடது."